மக்குவின் நூற்றுப் பன்னிரண்டு தப்புகள்

கம்பெனியில் அவளை 'ஒரே விசிட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்ட ரோபோக்களில் எது மக்கர் பண்ணினாலும் முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள். போவாள், முதுகுத் தகட்டைக் கழற்றுவாள், வேலையை முடிப்பாள், கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போன சரித்திரம் பதினோரு வருஷ சர்வீஸில் கிடையாது. மற்ற மெக்கானிக்குகள் என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, யார் தொட்டது என்று ஆசிரியர்களிடம் உட்கார்ந்து கதை கேட்பார்கள். அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. டாக்டரிடம் நோயாளி பேசலாம், நோயாளியின் மாமியார் எதற்குப் பேச வேண்டும் என்பது அவள் கட்சி.

கேட்காமல் செய்கிற கெட்டிக்காரத்தனம் எங்காவது ஒரு நாள் சறுக்கும். அவளுக்கு அது மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவில் சறுக்கியது.

புகார் என்னவோ சாதாரணப் புகார்தான். ரோபோ தப்புத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. தலைமையாசிரியர் வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் விலைச் சீட்டு மட்டும் முதலில் கண்ணில் படுகிற மனிதர்.

"ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா அம்பத்தி நாலுங்குதும்மா! ஒரு பையனோட அப்பா வந்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. ஃபீஸ் கட்டி அனுப்பறது இதுக்குத்தானான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"பாத்துடலாம் சார்."

"பாத்துடலாம்னு சொல்லாதீங்க, முடிச்சிடுங்க. இதோட வாடகை ஒரு டீச்சர் சம்பளத்துல பாதி. அடுத்த வருஷம் மூணாவதுக்குத் தனியா டீச்சரே வேண்டாம், இத வச்சே ரெண்டு செக்ஷன ஓட்டிடலாம்னு நிர்வாகத்துல பெருமையா சொல்லி வச்சிருக்கேன். இது இப்படி மானத்த வாங்கினா நான் முகத்த எங்க கொண்டு போய் வச்சுக்கறது?"

வகுப்பு டீச்சர் அன்றைக்கு ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாள். முப்பத்தோரு பிள்ளைகளும் எழுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், அதாவது செய்வது போல் இருந்தார்கள். ரோபோ கரும்பலகைக்குப் பக்கத்தில் இல்லை. கடைசி பெஞ்சில், மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது. நாலு வயதுக் குழந்தை உயரம், உருண்டைக் கண், நெஞ்சில் ஒரு திரை. விவரம் தெரியாத யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்த மெக்கானிக், அதைத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் குப்புறப் போட்டாள். நாலு திருகாணி. தகடு கழன்றது. தன் கணினியைச் சொருகிப் பார்த்தாள்.

உள்ளே 'மக்கு' என்று பெயர் வைத்து ஒரு பட்டியல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி, அதற்கு ஒரு தப்பான பதில். எந்த வால்பிள்ளையோ பார்த்த வேலை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு, அத்தனையையும் ஒரே தட்டில் அழித்தாள். தகட்டை மூடி, ரோபோவை நிமிர்த்தி உட்காரவைத்து, கேள்வி கேட்டாள். அது ஏழாம் வாய்ப்பாட்டையும் எட்டாம் வாய்ப்பாட்டையும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தது. தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல்.

ரோபோ உயிர் பெற்று எழுந்தால் எந்த வகுப்பிலும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். இங்கே ஒருவர்கூடத் தட்டவில்லை. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் மட்டும் எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து, அந்த நாலு திருகாணிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெக்கானிக்குக்கு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புகார் எழுதுகிற பையன் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினான்.

"அக்கா, உங்களுக்கு செகண்ட் விசிட் விழுந்திருக்கு. அதே ஸ்கூல், அதே மெஷின். இந்தத் தடவை க்ளாஸ் டீச்சர் கம்ப்ளைன்ட்."

"என்னவாம்?"

"படிக்கறேன், அப்படியே கேளுங்க. 'ரோபோ எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது. உடனடியாக வரவும்.'"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷப் பெயரை ஒரு கிறுக்கு டீச்சர் கெடுத்துவிட்டாளே என்று கோபம் கோபமாக வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

போனபோது இடைவேளை. பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வகுப்பில் தனியாக, ஒரு குவியல் நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. தன் வேலைக்கு உலை வைக்கத்தான் அந்த ரோபோவை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் ரோபோ ரிப்பேரானால் சந்தோஷப்பட வேண்டாமா? இவள் என்னவென்றால் அதற்காக அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையும் மெக்கானிக்குக்கு மறந்தே போயின.

"அந்த லிஸ்ட அழிச்சது நீங்கதானா?"

"ஆமா. யாரோ பிள்ளைங்க விளையாட்டா ஏத்தி விட்டிருந்தாங்க…"

"நான்தாங்க ஏத்தினேன். நாலு மாசமா."

மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சர்வீஸில் முதல் தடவையாகக் கதை கேட்க உட்கார்ந்தாள்.

ரோபோ வந்த முதல் மாதம் கம்பெனி சொன்னபடிதான் டீச்சர் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினாளாம். எதைக் கேட்டாலும் சரியான பதில். யார் எதைச் சொன்னாலும் 'மிக நன்று'. ஒரு வாரம் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வாரம் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் வாரம், எப்போதும் கை தூக்குகிறவர்கள்கூடத் தூக்கவில்லை. எல்லாம் தெரிந்த ஒன்று எதிரே நிற்கும்போது நம் அரைகுறையை யார் வெளியே எடுப்பார்கள்?

"க்ளாஸ்னு ஒண்ணு இருந்தா கடைசி இடம்னு ஒண்ணு இருக்குங்க," என்றாள் டீச்சர். "நீங்க மார்க்கே போடலன்னாலும் பிள்ளைங்க அவங்களா ஒரு ஆளத் தேடி அதுல உக்கார வச்சிடுவாங்க. உக்காந்த பிள்ளை எந்திரிக்கவே எந்திரிக்காது. இந்த க்ளாஸ்ல அந்த ரெட்டைச் சடைக்காரி உக்காந்திருந்தா. ஒண்ணாவதுல இருந்து ஸ்கூல்ல வாயே திறக்கல. வீட்டுல நல்லாப் பேசுவா. இங்க வந்தா ஒரு சொல்லு வராது. பிள்ளைங்க அவளுக்கு மக்குன்னு பேரு வச்சிட்டாங்க."

"ம்."

"எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கடைசி இடத்துல யாராவது உக்காந்துதான் ஆகணும்னா, உக்காந்தா வலிக்காத ஒண்ணு உக்காரட்டுமே. மெஷின அங்க கொண்டு போய் வச்சேன். இதுக்கு ஒண்ணும் தெரியல, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலமே மக்குங்கற பேரு அவள விட்டு இதுக்கு வந்துடுச்சு."

டீச்சர் செய்ததில் சூட்சுமம் இருந்தது. வாய்க்கு வந்த தப்பை ரோபோவுக்கு ஏற்றினால் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்; வேஷம் போடுகிறவர்களை மோப்பம் பிடிப்பதில் எட்டு வயதை மிஞ்ச ஆளில்லை. ஆகையால் தினமும் பள்ளி விட்டதும் நோட்டுகளைப் புரட்டி, ஒரு பிள்ளை போன வாரம்வரை செய்து, இந்த வாரம் தாண்டிவிட்ட தப்பாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து ரோபோவுக்குக் கொடுத்தாள். மறுநாள் ரோபோ அதைச் செய்யும். தாண்டி வந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கை நீட்டிக் காட்டத் தெரியும். மூன்று முறை சொல்லிக் கொடுத்தால் ரோபோ கற்றுக்கொள்ளும்.

"நூத்திப் பன்னிரண்டுல எண்பதுக்கு மேல அவளோட தப்புங்க. முதல்ல அதுங்கிட்ட ரகசியமாப் பேசினா. அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி. போன மாசம் போர்டுகிட்ட வந்து நின்னு அதுக்குப் பாடமே நடத்தினா. ஹெச்.எம்.கிட்ட இதச் சொல்லல. இன்னும் கொஞ்சம் கெட்டிப்படட்டும், பெரியவங்க வந்து வேடிக்கை பாத்து பயமுறுத்திடக் கூடாதுன்னு இருந்தேன். அது என் தப்பு."

பத்துப் பன்னிரண்டு கோடி ரூபாய் ஆராய்ச்சி என்று கம்பெனி விளம்பரம் செய்கிற இயந்திரத்துக்கு, அது எதற்குப் பயன்படும் என்பதை ஒரு தற்காலிக டீச்சர் சாயங்காலங்களில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் அதைக் கெட்டிக்காரனாக்கத் தெரிந்தவர்கள். மக்காக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். இவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் தகும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தோடு கூடவே, தான் ஒரே தட்டில் என்ன செய்தோம் என்பதும் உறைத்தது.

"திரும்ப ஏத்திடலாமே. உங்ககிட்ட நகல் இருக்கும்ல?"

"இல்லைங்க. நேரா அதோட திரையிலதான் எழுதினேன். பழைய நோட்டெல்லாம் பாத்து மறுபடி எழுதலாம், மாசக் கணக்கா ஆகும். ஆனா அது இல்ல இப்போ விஷயம்." டீச்சர் நோட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். "நீங்க அதோட முதுகத் திறந்து சரி பண்ணினத அவ பாத்திருக்கா. வீட்டுக்குப் போய் அவங்க அம்மாகிட்ட, 'எனக்கும் தெரியலன்னா என் முதுகத் திறப்பாங்களா'ன்னு கேட்டிருக்கா. அதோட சரி. பன்னிரண்டு நாளா மறுபடியும் பேச்சு இல்ல."

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். ரெட்டைச் சடைக்காரி கடைசியாக வந்தாள். மெக்கானிக்கின் கையில் இருந்த கருவிப் பையைப் பார்த்ததும் நின்றாள். பிறகு சுவரோடு சுவராக, பக்கவாட்டில் நடந்து, முதுகைச் சுவரைவிட்டு எடுக்காமலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மெக்கானிக்குக்குக் குழந்தைகளைக் கொஞ்சத் தெரியாது, சமாதானப்படுத்தத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், கழற்றி மாட்டுவது. எனவே அதையே செய்தாள். ரோபோவைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் தரையில் வைத்து, தானும் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இதுக்கு ஒரு கோளாறும் இல்ல. யாரையும் கேக்காம நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நீங்கள்லாம் சேந்து சொல்லிக் குடுத்துட்டிருந்தத நான் அழிச்சிட்டேன். இப்போ திரும்ப எழுதப் போறேன். எனக்கு உதவி வேணும்."

ரெட்டைச் சடைக்காரி அசையவில்லை.

மெக்கானிக் ரோபோவின் முதுகுத் தகட்டைக் கழற்றிக் கணினியைச் சொருகி, அதை மடியில் வைத்துத் தானே யோசித்து ஒரு வரி தட்டினாள். "நாப்பத்திரண்டுல பதினெட்டு போனா… அம்பது. இப்படிப் போடட்டுமா?"

வகுப்பே 'கொல்'லென்று சிரித்தது. "அய்யய்யே! மக்கு அப்படிச் சொல்லாது!" என்றான் ஒரு பொடியன். "கழிச்சா எப்படிக் கூடும்? அதுகூடவா தெரியாது?"

"சரி, பதிமூணு?"

"இல்லவே இல்ல!"

"பின்ன எவ்வளவுதான் சொல்லும்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பு என்று தெரிகிறது, ஆனால் சரியான தப்பு எது என்று யாருக்கும் நினைவில்லை. மெக்கானிக் வேர்த்து விறுவிறுத்துப்போனாள். தப்பாகச் சொல்வதில்கூட இவ்வளவு தப்பு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"முப்பத்தாறு."

யார் சொன்னது என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் தலையைத் தூக்கவே பயந்து, முப்பத்தாறு என்று தட்டினாள். "ஏன் முப்பத்தாறு?" என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டுல எட்டு போகாதுல்ல." குரல் கரகரவென்று இருந்தது. "அதுக்குக் கடன் வாங்கத் தெரியாது. அதனால எட்டுல ரெண்டக் கழிச்சிடும். ஆறு. அப்புறம் நாலுல ஒண்ணு. மூணு."

"ஓ. சரியான விடை?"

"இருபத்தி நாலு. அது மூணாவது தடவ சொல்லிக் குடுத்தப்புறம்தான் வரணும். உடனே வரக் கூடாது."

"அடுத்தது?"

சுவரில் ஒட்டியிருந்த முதுகு மெல்ல விலகியது. நானூற்றி ஏழு எழுதச் சொன்னால் மக்கு நாலாயிரத்து ஏழு எழுதும், ஏனென்றால் நானூறை முழுசாக எழுதிவிட்டு ஏழைத் தனியாகப் பக்கத்தில் வைக்கும். கடிகாரத்தில் பெரிய முள் நாலில் நின்றால் நாலு நிமிஷம் என்று சொல்லும். அரையைவிடக் கால்தான் பெரிது என்று சண்டை போடும், இரண்டைவிட நாலு பெரிது அல்லவா! ஒவ்வொரு தப்பாக அவள் சொல்லச் சொல்ல, மெக்கானிக்கின் விரல்கள் ஓடின. தப்பு மட்டும் அல்ல, அந்தத் தப்பு எந்த வழியாக வந்தது, எந்த இடத்தில் கையைப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. மறந்துவிட அவை என்ன யாரோ ஒருவருடைய தப்புகளா? அவள் விழுந்து எழுந்த இடங்கள் அல்லவா!

"இருங்க, இருங்க," என்றாள் அவள் ஒரு தடவை, எட்டிப் பார்த்து. "நீங்க சரியான விடைய எழுதிட்டீங்க."

"அட ஆமா. கைப் பழக்கம்."

"பரவால்ல. அவசரப்படாம யோசிங்க. இப்போ தப்பா எழுதுங்க பாப்போம்."

மெக்கானிக் அவசரப்படாமல் யோசித்து, தப்பாக எழுதினாள். பிள்ளைகள் சுற்றிலும் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் தப்பு வந்தபோது, "அது என்னோடது!" என்று கை தூக்கினார்கள், என்னவோ பரிசு வாங்கிய மாதிரி. 'மக்கு அப்படிச் சொல்லாது' என்று அடித்துப் பேசிய பொடியன் மட்டும் தன் தப்பு எப்போது வரும் என்று கவலையோடு காத்திருந்தான்.

அறுபதாவது வரியில் கணினி ஒரு எச்சரிக்கை காட்டியது. ஆசிரியர் உதவிக்கான ரோபோ இத்தனை தப்பு சொன்னால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. மெக்கானிக் படிவத்தைத் திறந்தாள். 'பயன்பாடு' என்ற இடத்தில் 'ஆசிரியர் உதவி' என்பதை எடுத்துவிட்டு, 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'மாணவர்' என்று எழுதினாள். எச்சரிக்கை போய்விட்டது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும், இந்தத் தடவை சொல்வதற்கு அவளிடம் ஒரு கதை இருந்தது.

எழுபதைத் தாண்டியபோது தலைமையாசிரியர் வந்தார். ரோபோவின் முதுகு மறுபடி திறந்திருப்பதையும், பெஞ்சுகள் காலியாக, பிள்ளைகள் தரையில் குவிந்திருப்பதையும் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"என்ன நடக்குது இங்க? சரி பண்ணினத எதுக்கு மறுபடியும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க? மாசம் பொறந்தா வாடகைய யாரு குடுக்கறது? ஏம்மா, உங்களத்தான் கேக்கறேன்…"

"சார்."

ரெட்டைச் சடைக்காரி தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் கண் கணினித் திரையில் இருந்தது.

"மெதுவாப் பேசுங்க சார். க்ளாஸ் நடக்குது."

மூன்று வருஷமாகத் தலைமையாசிரியர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளுடைய அம்மாவிடம் ஒரு தடவை சொன்னவரும் அவர்தான். மெதுவாகச் சுவர் ஓரமாக வந்து டீச்சருக்குப் பக்கத்தில் நின்றார். டீச்சர் நடந்ததையெல்லாம் அவர் காதில் சொன்னாள். எழுபத்து மூன்று, எழுபத்து நாலு, எழுபத்தைந்து என்று அந்தக் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததைக் கேட்டார். ஒரு வாடகை ரோபோவும், அதைச் சரி பண்ணின மெக்கானிக்கும் சேர்ந்து பன்னிரண்டு நாளில் கெடுத்ததையும், ஒரு டீச்சர் நாலு மாதத்தில் கட்டியதையும் அவர் மனது தன் வழக்கப்படி கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இத இந்த மாதிரி வச்சு நடத்தணும்னா…" என்று டீச்சரின் காதருகே குனிந்து ஆரம்பித்தார்.

"முழு நேரமும் ஒரு டீச்சர் வேணும் சார்," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தெரியுதும்மா, தெரியுது. நிர்வாகத்துல நான் பேசிக்கறேன். உங்க அடுத்த வருஷ ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். நிரந்தரமா ஆக்கறதுக்கும்…"

"சார்!" என்றாள் ரெட்டைச் சடைக்காரி. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தே சொன்னாள். "பேசணும்னா வெளிய போய்ப் பேசுங்க."

தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நுனிக்காலில் நடந்து வெளியே போய், கதவை மெல்லச் சாத்தினார்.